உப்புக்கு வந்த தட்டுப்பாடு

2016 நவம்பர் 11 இரவு, தில்லியிலும் உத்தரப்பிரதேசத்திலும் இனி உப்பு கிடைக்காது என்றொரு வதந்தி பரவியது. பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டு மூன்றே நாள்கள். செல்லும் பணமே கைக்கு அரிதாயிருந்த வேளை. ஆயினும் மக்கள் கடைகளில் முண்டியடித்தனர். கிலோ 200 ரூபாய்க்கும் விற்றதாம். முப்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில், உப்புக்கு!

பாமரரின் மடமை என்று படித்தவர்கள் நகைத்தனர். அந்நகைப்பை நாம் ஏற்பதற்கில்லை. 1975-இல் ஸ்டீபன் வொர்ச்செல் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் குழுவினருடன் நடத்திய ஆய்வில் பிஸ்கட்டுக்கு மதிப்பெண் இட்டவர்கள் கல்லூரியில் பயின்றோரே. சாடியில் 10 இருந்தபோது மதித்ததைவிட 2 மட்டுமே இருந்தபோது அவர்கள் அதை உயர்வாக மதித்தனர். 10 இருந்த சாடி, பிறர் கேட்டனர் என்பதற்காகக் கண்ணெதிரே 2 ஆகக் குறைந்தபோதோ மதிப்பு இன்னும் ஏறிற்று. பிஸ்கட் என்னவோ ஒன்றேதான்.

"இருப்பு உள்ளவரை மட்டுமே" என்று துணிக்கடை வாசலில் தொங்கும் பலகையும் இந்தப் பலவீனத்தையே குறிவைக்கிறது. அதற்கு வியாபாரத் திறமை என்று பெயர். உப்பு வதந்தியைக் கிளப்பியவன் மட்டும் குற்றவாளி! கிடங்கு நிறையச் சரக்கிருக்க, 'கடைசி நாள்' என்று கூவுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நம்மையும் விட்டுவிடுவதற்கில்லை. பத்துக் கிலோவை ஒரே நாளில் வாங்கி அடுக்க நம்மால் முடிகிறது, அடுக்குகிறோம். மாலையில் அன்றைய கூலியோடு அரைக் கிலோவுக்கு வருபவளிடம், "தீர்ந்துவிட்டது அம்மா" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது இப்போது வதந்தியன்று.