கால்வாய்ப் புத்தி

இங்கிலாந்தின் டெர்பிஷயர் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் கிராவல் சைக்கிள்காரர்கள் கொண்டாடும் தடங்களை வரைபடத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். அவற்றில் ஹை பீக் டிரெயில் ஒரு விசித்திரம். மேட்டில் மைல் கணக்கில் மட்டமாகப் போகிறது, பிறகு தலைகுப்புறச் சரிகிறது. பழைய ரயில் தடம் இப்படியா இருக்கும்? அங்கே முதலில் யோசித்தது கால்வாயாம். சுண்ணாம்புக்கல் மேட்டில் தண்ணீர் நிற்குமா? வெடிப்புகளில் நுழைந்து பாதாளத்துக்குப் போய்விடும். ஆகவே 1831-இல் ரயில் வந்தது. ஆனால் அதை வகுத்த பொறியாளர் ஜோசையாஸ் ஜெசப் கால்வாய்க் குடும்பத்துப் பிள்ளை. படகை ஏற்றி இறக்க மதகுகள் வரவேண்டிய இடங்களிலெல்லாம் செங்குத்தான சரிவை வைத்து, மேலே நீராவி இயந்திரத்தை நிறுத்தி, பெட்டிகளைக் கட்டி இழுக்கத் திட்டமிட்டார். மட்டமான நீளங்கள் இன்று கிராவல்காரர்களுக்குச் சொர்க்கம். மிடில்டன் சரிவோ ஏறக்குறைய எட்டடிக்கு ஓரடி ஏற்றம். உச்சியில் 1829-ஆம் ஆண்டு இயந்திரம் இன்னும் இருக்கிறது, பார்வைக்கு மட்டும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுவதில் வெட்கமில்லை என்பது என் கட்சி. ரயிலே அந்த இடத்தில் தானாக ஏறியதில்லை.