புட்டிக்குள் ஒரு கட்டி

ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்து எடுத்ததும் ஒரு சின்னப் புட்டியில் போடுவார்கள். நெடி மூக்கைத் துளைக்கிற ஒரு திரவத்தை ஊற்றி மூடி, "லேபரட்டரியில் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று வீட்டுக்காரரிடம் நீட்டுவார்கள். அந்தத் திரவம்தான் ஃபார்மலின். 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளும் என்ற ஜெர்மானிய டாக்டர், அது கிருமிகளைக் கொல்லுமா என்று சோதித்துக் கொண்டிருந்தார். பார்த்தால், தம் விரல்களின் தோலே விறைத்துக் கிடந்தது! சதையை அழுகாமல் வைக்க வழி பிறந்தது அப்படித்தான்.

அழுகாது, சரி. உள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்ன ஆகிறது? தாய் தகப்பனிடமிருந்து வந்து ஒவ்வோர் உயிரணுவிலும் எழுதியிருக்கும் ஜாதகம் அது என்று வைத்துக் கொள்ளுங்களேன். (ஜோசியர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம்.) ஃபார்மலின் அதையும் பக்கத்திலுள்ள புரதத்தையும் சேர்த்துப் பிணைத்து விடுகிறது. மை உலராத காலண்டர் தாள்களை அடுக்கினால் என்ன ஆகும்? சிவகாசி அச்சகக்காரர்களுக்குத் தெரியும். ஒட்டிக் கொள்ளும், பிரித்தால் கிழியும், எழுத்தும் மாறித் தெரியும். இங்கும் அதே கதைதான். நீளமான இழை 100, 200 எழுத்துத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். 'சி' என்ற எழுத்து 'டி' என்று படிக்கப்பட்டு, இல்லாத மாறுதல் இருப்பதுபோல் தோன்றும். திரவம் பழசாகி அமிலமானால் சேதம் அதிகம். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். விருதுநகர் வெயிலைப் பற்றிக் கேட்க வேண்டுமா!

அச்சுக்கு மட்டுமா சிவகாசி? பட்டாசுக்கும் அதுதானே. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் வரை மாண்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் விபத்துகள் நிற்கவில்லை. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு போன பெண்ணை, மாலையில் பெற்ற தாயாலும் அடையாளம் சொல்ல முடியாமற் போவதுண்டு. புடவை கருகி, மெட்டியும் உருத் தெரியாமல் போனால் மிச்சம் டி.என்.ஏ. ஒன்றுதான். அங்கே ஃபார்மலின் புட்டியை எடுக்கவே கூடாது. தீ எட்டாத ஆழத்துத் தசை, கடைவாய்ப் பல், தொடை எலும்பு ஆகியவற்றை அந்த மருந்து படாமல் பத்திரப்படுத்தி அனுப்ப வேண்டும். தாயின் ரத்தமோ, பிள்ளையின் ரத்தமோ கொஞ்சம் கிடைத்தால் ஒப்பிட்டு விடலாம். உடல் யார் வீட்டு வாசலுக்குப் போவது, நிவாரணப் பணம் யார் கைக்குப் போவது எல்லாம் அந்த விடையைப் பொறுத்தது.

ஆனாலும் ஃபார்மலினை ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. 1918-ல் விஷ ஜுரத்தில் இறந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயின் நுரையீரல் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். 1997-ல் டாக்டர் டாபன்பர்கரின் குழுவினர் அதிலிருந்து கிருமியின் ஆர்.என்.ஏ.யை (டி.என்.ஏ.வுக்குத் தங்கை முறை) துண்டு துண்டாகப் படித்துக் காட்டினார்கள்!

மார்பில் கட்டி வந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நோய் இன்னதென்று சொல்லும் மைக்ராஸ்கோப் பரிசோதனைக்கு ஃபார்மலின்தான் வேண்டும். கட்டியை எடுத்த 1 மணி நேரத்துக்குள், அதைப்போல் 10 மடங்கு ஊற்ற வேண்டும். ஊறுவது 6 மணிக்குக் குறையவும் கூடாது, 72 மணியைத் தாண்டவும் கூடாது. எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும் பரிசோதனையும் பெரும்பாலும் அதே துண்டில்தான். ஆகவே, "ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் மதுரைக்குக் கொண்டு போகலாம்" என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். டி.என்.ஏ. பரிசோதனையும் தேவைப்படுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கட்டி எடுத்த நேரத்தைப் புட்டியின் மேல் எழுதித் தரச் சொல்லி நர்ஸம்மாவிடம் வாங்கிக் கொள்ளுங்கள்.