கதை வரிசையிலேயே தொடங்குகிறது

தீம் பார்க் ரைடில் ஏறிய பிறகுதான் கதை ஆரம்பிக்குதுன்னு நினைப்பது தப்பு. ஃப்ளோரிடா டிஸ்னியில் 2006-இல் திறந்த 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்'டுக்கு, காத்திருக்கும் வரிசையையே இமயமலைக் கிராமமாகக் கட்டினார்கள். கோயில், பனிமனிதன் அருங்காட்சியகம் எல்லாமே செட். ரயிலில் ஏறும்போதே பாதி பயம் வந்திருக்கும்.

செட் போடத் தேவையில்லாத ஊர் நம்மிடம் இருக்கிறது: தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் ரயிலோடு சேர்த்து அடித்துப்போட்ட ஊர். 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால் நான் போனப்போ, வேன் நிறையும்வரை காத்திருக்கணும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்புறம் மணலிலும் கடல்நீரிலும் குலுங்கிப் போய், இடிந்த தேவாலயத்தின் முன் இறங்கினோம். யாருக்கும் பேச்சே வரவில்லை.

இப்போ? ஏசி கார், முனையில் ஒரு செல்ஃபி, திரும்பும் வழியில் தேவாலயத்தில் இன்னொன்று. சாலை வேண்டாம்னு சொல்லவில்லை. அங்கே வாழும் மீனவர்களுக்கு அது வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: சுற்றுலா வண்டிகள் முகுந்தராயர் சத்திரத்திலேயே நிற்கட்டும். அங்கிருந்து உள்ளூர்க்காரர்களின் வேன் ஓடட்டும். காத்திருக்கும் இடத்தில் அவர்கள் பேசட்டும். இல்லாத பனிமனிதனுக்கு டிஸ்னி கொடுக்கும் மரியாதையை, செத்துப்போன நிஜ மனிதர்களுக்கு நாம் கொடுக்கக் கூடாதா?