யாரைப் பார்த்து உடுத்துவது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடும்.

“அந்தப் படத்தில் நடிகை கட்டி வந்தாளே, அந்தச் சேலை வேண்டும்” என்பாள் மகள். “கதாநாயகன் போட்ட சட்டை வேண்டும்” என்பான் மகன். “கையில் இருப்பது இவ்வளவுதான்” என்பார் தகப்பனார். நடுவில் நின்று தவிப்பவர் தாயார்.

பிறரைப் பார்த்து உடுத்துவது தவறா? தவறே அல்ல. நாம் பேசக் கற்றதும், நடக்கக் கற்றதும் பிறரைப் பார்த்துத்தான். உடுத்தக் கற்பதும் அப்படியே. ஆனால் யாரைப் பார்ப்பது? எதை எடுப்பது? எதை விடுவது? இதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தப் பாடத்தைக் கற்க வெளியூர் போக வேண்டாம். விருதுநகர் சீமையிலேயே கற்கலாம்.

படம் பிறக்கும் ஊர்

சிவகாசியைக் “குட்டி ஜப்பான்” என்பார்கள். மழை குறைந்த பூமி அது. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923-ல் சிவகாசியில் அந்தத் தொழில் தொடங்கியது.

தீப்பெட்டி வந்தது. அதன்மேல் ஒட்டப் படம் வேண்டியிருந்தது. படம் அடிக்க அச்சகம் வந்தது. பிறகு பட்டாசு வந்தது. பட்டாசுப் பெட்டிக்கும் படம் வேண்டும். காலண்டரும் வந்தது.

அந்தக் காலண்டர்கள் நாடெங்கும் போயின. லட்சுமி, சரஸ்வதி, முருகன், தலைவர்கள், சிரிக்கும் குழந்தைகள், சினிமா நட்சத்திரங்கள்! மளிகைக் கடைச் சுவரிலும், டீக்கடைச் சுவரிலும் அவை தொங்கின. டிக்கெட் இல்லாமல் பார்க்கும் படக்காட்சி அது. ஜாக்கெட்டின் கை எவ்வளவு நீளம், நெற்றிச் சுட்டி எப்படித் தொங்க வேண்டும் என்பதையெல்லாம் பெண்கள் அதைப் பார்த்தும் தெரிந்துகொண்டார்கள்.

கொடுத்தது யார்?

காலண்டர் லட்சுமிக்குச் சேலை கட்டியது யார்?

ஓவியர் ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். அவருடைய தெய்வப் படங்கள் அங்கே அச்சாகி வீடு வீடாகப் போயின. அவர் நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்தவர். அந்தந்தப் பகுதிப் பெண்கள் உடுத்தும் விதத்தைக் கவனித்தவர். அந்தச் சேலையைத்தான் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் கட்டினார்.

நம் பக்கத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்தவர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிப் பூஜை அறைகளை நிரப்பின. நாடக மேடையின் மினுமினுப்பும், நம் பெண்களின் பட்டும் பூவும் அந்தப் படங்களில் கலந்திருந்தன.

ஆகவே, காலண்டரைப் பார்த்துச் சேலை கட்டும் பெண் வேறு யாரையும் பார்க்கவில்லை. தன் பாட்டியைத்தான் பார்க்கிறாள்! நம் வீட்டிலிருந்து போன அழகு, சாயம் பூசிக்கொண்டு நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. இது தெரிந்தால் படத்தைப் பார்த்து ஏங்கத் தோன்றாது. பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றும்.

கிராப்பும் வளையலும்

சினிமா மோகம் இன்று நேற்று வந்ததல்ல. 1944-ம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த “ஹரிதாஸ்” சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராஜ பாகவதரைப் பார்த்து வாலிபர்கள் பிடரி வரை முடி வளர்த்தார்கள். அதற்குப் “பாகவதர் கிராப்பு” என்றே பெயர் வந்தது. 1985-ல் “பூவே பூச்சூடவா” வந்தது. நதியா வளையல், நதியா கம்மல், நதியா கொண்டை என்று கடைவீதியே அந்தப் பெயரைச் சொன்னது.

அன்று படம் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். இன்று கொட்டகை சட்டைப்பைக்கே வந்துவிட்டது. காலையில் ஒரு நடிகை கட்டிய சேலை மாலையில் கைபேசியில் விலைக்கு வருகிறது. யோசிக்க நேரமில்லை. அதனால்தான் ஆபத்து அதிகம்.

வளையல் வாங்குவதில் கெடுதல் இல்லை. சிறு செலவு, பெரிய மகிழ்ச்சி. ஆனால் கடன் வாங்கிச் சேலை எடுத்தால், புதுச் சேலையின் சாயம் போன பிறகும் வட்டி நிற்கும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை அது.

தன்னைப் பார்த்த பெண்

இதே மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்தாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கிணறு இன்றும் கோவிலில் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்ன சூடியிருக்கிறாள் என்று ஆண்டாள் பார்க்கவில்லை. தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தாள். “எனக்குப் பொருந்துகிறதா?” என்று கேட்டாள்.

ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்தக் கொண்டை இன்றும் “ஆண்டாள் கொண்டை” என்றே வழங்குகிறது. மார்கழியில் சிறுமிகள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். நடன மேடையிலும் அதைக் காணலாம். கோவிலில் அவள் கையில் இருக்கும் கிளியோ, தங்கக் கிளி அல்ல. இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகச் செய்கிற கிளி! அழகுக்கு விலை முக்கியமல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

காமராஜர் சட்டை

விருதுநகரில் 1903-ல் பிறந்தவர் காமராஜர். கதர் வேட்டி, தொளதொளப்பான நீண்ட அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. ஒன்பது ஆண்டுகள் முதல் அமைச்சராக இருந்தபோதும் அதே உடைதான். 1966-ல் ரஷ்யாவுக்குப் போனபோதும் அதே வேட்டிதான். முகம் தெரியாத தூரத்தில் நின்றாலும், அந்தச் சட்டையைப் பார்த்தே “காமராஜர் சிலை” என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

எளிய உடைக்கு இன்னொரு சாட்சி மதுரையில் உண்டு. 1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, மேல மாசி வீதி வீட்டில் காந்தி அரை வேட்டிக்கு மாறினார். அவர் பின்பற்றியது எந்த மன்னரையும் அல்ல. வயலில் வேலை செய்யும் ஏழையை. அந்த உடையை உலகமே அறிந்தது.

காமராஜர் தான் எளிமையாக உடுத்தியதோடு நிற்கவில்லை. அவர் ஆட்சியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை கிடைத்தது. கிழிந்த சட்டைப் பிள்ளை, பட்டுச் சட்டைப் பிள்ளை என்ற பேதம் வகுப்பில் மறைந்தது. சீருடை பிள்ளையின் அழகைக் குறைக்கவில்லை. வெட்கத்தைத்தான் போக்கியது.

உடையும் உயிரும்

உடை என்பது அழகு மட்டுமல்ல. சிவகாசி வட்டாரத்தில் அது உயிர்ப் பிரச்சினையும்கூட.

நைலான், பாலியஸ்டர் துணி உடம்பில் உரசினால் மின்சாரம் உண்டாகும். இருட்டில் அப்படிப்பட்ட சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அது வேடிக்கை. வெடிமருந்து அறையில் அதுவே எமன்! தீப்பிடித்தால் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் அதில் மின்சாரம் எளிதில் சேராது. பருத்தியும் எரியும்தான். ஆனால் உருகி ஒட்டாது. அதனால்தான் பட்டாசு ஆலையில் பருத்தி உடை வேண்டும் என்கிறார்கள்.

வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வதை அங்கே பார்க்கலாம். முந்தானை பறக்காது, சேலையில் மருந்துப் பொடி படியாது. எந்தச் சினிமாவும் கற்றுக்கொடுக்காத பாணி அது. வேலை கற்றுக்கொடுத்த பாணி!

ஆனால் அந்தச் சட்டை பருத்தியா, பாலியஸ்டரா? வீட்டில் கிடந்த சட்டையை எடுத்து வருபவர் அதைப் பார்ப்பாரா? மலிவாகக் கிடைப்பது பாலியஸ்டர் ஆயிற்றே!

ஆகவே, வேலைக்கான பருத்தி உடையை ஒவ்வோர் ஆலையும் தானே தைத்துக் கொடுக்க வேண்டும். அளவெடுத்து, நல்ல நிறத்தில் தைத்துக் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தந்த நாடு இது. ஊருக்கெல்லாம் தீபாவளி கொண்டுவரும் பெண்களுக்கு ஒரு நல்ல உடை தருவது பெரிய காரியமா? மற்ற ஊர் நெசவு வரை போகவும் வேண்டாம். பக்கத்திலேயே அருப்புக்கோட்டையில் தறி இருக்கிறது.

மூன்று கேள்விகள்

இனி, கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இது என் உடம்புக்கும் நிறத்துக்கும் பொருந்துகிறதா? நடிகைக்குப் பொருத்தமாக இருக்கும்படி விளக்குப் போடப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நமக்கு இருப்பது வெயிலும் கண்ணாடியும்தான்.

இரண்டாவது: இதை உடுத்திக்கொண்டு என் வேலையைச் செய்ய முடியுமா? பஸ்ஸில் ஏறவும், அடுப்படியில் நிற்கவும், குழந்தையைத் தூக்கவும் முடியாத உடை நமக்கு எதற்கு?

மூன்றாவது: கடன் இல்லாமல் வாங்க முடியுமா?

மூன்றுக்கும் “ஆம்” என்று பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். வராவிட்டால், படத்தில் பார்த்த சேலையை முழுதாக விரும்பாமல், அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் பிடித்ததா? அதே நிறத்தில் பருத்திச் சேலை எடுங்கள். அந்த ஜாக்கெட் பிடித்ததா? பழைய சேலைக்கு அப்படி ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் சுங்குடிச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகாக உடுத்த விரும்பும் பிள்ளையைத் திட்டாதீர்கள். உடன் உட்கார்ந்து, அவர்கள் காட்டும் படத்தைப் பாருங்கள். “இதில் உனக்கு எது பிடித்தது?” என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு கரையாகவோ ஒரு நிறமாகவோதான் இருக்கும். அதை வாங்கித் தரக் கடன் தேவையில்லை.

தீபாவளியன்று வெடி போடும்போது எல்லோரும் பருத்தி உடுத்துங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சிவகாசிப் பெண்ணிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாணி அதுவே.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்றார்கள் பெரியவர்கள். கசக்கிக் கட்டிய துணியில் தன் கை உழைப்பு இருக்கிறது. அதை உடுத்தி நிமிர்ந்து நடப்பவரைப் பார்த்து நாளை நாலு பேர் உடுத்துவார்கள்!