புகையில்லாத புகையிரதம்

கந்தப்பளையில் மாலை நான்கு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கத் தொடங்கிவிடும். அத்தகைய மாலை ஒன்றிலே, தோட்டத்து லயம் ஒன்றின் வாசலில் நாம் அமர்ந்திருந்தோம். கம்பளியைப் போர்த்துக்கொண்டு அருகிலிருந்த மூதாட்டியிடம் அவருடைய பேரன் பாடப் புத்தகத்தை நீட்டினான்.

"அப்பாயி, 'புகையிரதம்'னு போட்டிருக்கு. கோச்சிக்கு இப்ப யாரும் கரி போடுறதில்லையே! அப்புறம் ஏன் புகையிரதம்?"

"அப்பெல்லாம் போட்டாங்க சாமி. கரிக்கோச்சி நம்ம கந்தப்பளைக்கே வந்துச்சுன்னு எங்க ஆத்தா சொல்லும்," என்றார் மூதாட்டி.

பையன் நம்பவில்லை. கந்தப்பளையாவது, கோச்சியாவது! இரயில் பார்க்கவேண்டுமானால் நானுஓயாவுக்கல்லவா போகவேண்டும்? மெய்தானா என்று கேட்பவன்போல் நம் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அங்கே சுருக்கமாகச் சொன்னதை நம் வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவ மணிகளுக்கு, இவ்வாரம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கந்தப்பளைக்கு வந்த சிறு வண்டி

மூதாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. கொழும்பிலிருந்து மலையேறிய பெரிய பாதை 1884ஆம் ஆண்டில் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதன் தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி அகலம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறு பாதையைப் பின்னர் அமைத்தார்கள். 1903ஆம் ஆண்டின் இறுதியில் அது நுவரெலியாவுக்கும், 1904இல் இராகலைக்கும் வந்து சேர்ந்தது. மொத்த நீளம் ஏறக்குறைய 19 மைல். உடப்புசல்லாவைப் பாதை என்பது அதன் பெயர். கந்தப்பளை நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,300 அடி உயரத்தில் இருந்தது.

தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்குவதும், அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றுவதுமே அந்தச் சிறு வண்டியின் தலையாய தொழில். பின்னர் லொறிகளும் பஸ்களும் வந்தன. தோட்டத்து வாசலிலேயே சரக்கை ஏற்றிச் செல்லும் லொறியோடு, நிலையத்துக்குச் சரக்கைக் கொண்டுவரச் சொல்லும் வண்டி எத்தனை நாள் போட்டியிட முடியும்? 1948ஆம் ஆண்டுடன் அப்பாதையின் ஆயுள் முடிந்தது.

1948 என்ற ஆண்டை மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்வோம்.

கரியும் மலையும்

பெரிய பாதையில் ஓடிய கரிக்கோச்சிகளின் பாடும் எளிதன்று. 44 அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறவேண்டும். அப்படியே பல மைல் தூரம். பட்டிப்பொலைக்கு அருகே 6,226 அடி உயரத்தைத் தொட்ட பின்னரே இறக்கம். ஏற்றம் போதாதென்று, பாம்பு நெளிவதுபோன்ற வளைவுகள் வேறு. வளைவுகளில் உடலை மடக்கிச் செல்லக்கூடிய கரட் என்னும் பேரெஞ்சின்களை மான்செஸ்டரிலுள்ள பேயர் பீகொக் தொழிற்சாலையிலிருந்து தருவித்தார்கள். 1927இல் ஒன்று வந்தது; 1945இல் எட்டு வந்தன.

ஆனால் எவ்வளவு பெரிய எஞ்சினாயினும் கரியை மனிதன்தான் அள்ளிப் போடவேண்டும். அட்டனுக்கு அப்பாலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தினுள்ளே வண்டி ஏறும்போது, முன்னே நெருப்பின் வெக்கை, மேலே புகையின் திணறல், இரண்டுக்கும் நடுவே கரி தள்ளும் தொழிலாளி. பயணிகள் சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அவன் எதைச் சாத்துவான்? அதற்கு மேல், இலங்கையிலே நிலக்கரி விளைவதில்லை. எஞ்சின் எரித்த ஒவ்வொரு கட்டியும் கப்பலேறி வந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த இருபத்தைந்து

டீசல் வண்டி இலங்கைக்கு முற்றிலும் புதிதன்று. சில்வர் ஃபோம், சில்வர் மிஸ்ட், சில்வர் ஸ்பிரே என்ற மூன்று டீசல் தொடர்கள் 1938ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டன. எனினும், நெடுந்தூர வண்டிகளை இழுக்கவல்ல பெரிய டீசல் எஞ்சின்கள் 1953ஆம் ஆண்டிலிருந்தே வரத் தொடங்கின. பிரஷ், பாக்னல் ஆகிய இரு ஆங்கிலக் கம்பனிகளின் கூட்டு முயற்சியில் உருவானவை அவை. மொத்தம் இருபத்தைந்து, ஒவ்வொன்றும் 1,000 குதிரை வலு. எம்-1 என்பது அவ்வினத்தின் பெயர். புகையிரதப் பகுதியின் பிரதம இயந்திரப் பொறியியலாளராக 1949இல் பொறுப்பேற்ற முதல் இலங்கையரான பி. டி. ரம்பால, டீசல் யுகத்தை இந்நாட்டில் நிலைநாட்டியவர். 1955இல் அவர் பொது முகாமையாளரானார். 'உடரட்ட மெனிக்கே' முதலிய பெயர்களை வண்டிகளுக்குச் சூட்டியதும் 1956இல் அவர் காலத்திலேதான்.

இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது? பலர் நினைப்பதுபோல், எண்ணெயில் ஓடும் எஞ்சின் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. டீசல் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது வலியது. ஆனால் நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்கச் சொன்னால் மூச்சடைத்து நின்றுவிடும். மின்சார மோட்டாரின் குணமோ இதற்கு நேர்மாறானது. புறப்படும் வேளையிலேதான் அதன் இழுவை மிகுதி. ஆகவே அறிஞர்கள் இரண்டையும் சேர்த்துவைத்தார்கள். டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அங்கே பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களுக்குச் செல்லும். மோட்டார்கள் சக்கரங்களைச் சுழற்றும். சுருங்கச் சொன்னால், அது தன் மின்சார நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் வண்டி.

மலையின் உயரத்தினால் இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டிப்பொலையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலிருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எண்ணெய் முழுமையாக எரியாது, வலு குன்றும். வெளியேறும் வாயுவின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் டர்போ என்னும் உபாயம் இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. மலையேறி மூச்சு வாங்குபவனுக்குத் துருத்தி கொண்டு ஊதுவதுபோன்றது அது.

எம்-1இன் அடிப்பாகத்தைப் பார்த்தால் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் மும்மூன்று அச்சுகள். அவற்றுள் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. 'வேலை செய்யாத சக்கரம் எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். கொழுந்துக் கூடையைச் சுமக்கும் நம் தாய்மாரைக் கவனியுங்கள். பாரமெல்லாம் தலைக்கயிற்றிலே தொங்கினால் கழுத்து ஒடிந்துபோகும். முதுகும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. அவ்வாறே நடுச் சக்கரம் எஞ்சினின் எடையைப் பகிர்ந்துகொண்டு, பழைய பாலங்களையும் தண்டவாளங்களையும் காக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மோட்டாரில்லாத சக்கரத்தின்மேல் விழும் எடை இழுவைக்கு உதவுவதில்லை. மழையில் நனைந்த தண்டவாளத்திலே ஓட்டும் சக்கரங்கள் வழுக்கும். அப்போது மணலைத் தூவிப் பிடிப்பு உண்டாக்கவேண்டும். நன்மை ஒன்றைக் கொள்ளும்போது இடர் ஒன்றையும் ஏற்கத்தானே வேண்டும்!

1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய எஞ்சின்கள் வரத் தொடங்கின. ஒன்ராரியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிவந்த எம்-2 இனத்துள் சில, அறுபது ஆண்டுகளுக்கு மேலும் உழைத்துப் புகழ்பெற்றன. புகழ் கனடாக்காரருக்குப் போயினும், வழி திறந்தவை இங்கிலாந்தின் இருபத்தைந்தே.

இங்கிலாந்திலிருந்த தம்பிமார்

வழக்கமாக மேல்நாட்டில் ஓடிப் பழகிய பொருள்தான் நம் நாட்டுக்கு வரும். இந்த எஞ்சின் விஷயத்திலோ முறை மாறிற்று. பிரஷ் கம்பனியார் இலங்கைக்குச் செய்து பெற்ற அனுபவத்தைக் கொண்டே, தம் சொந்த நாட்டு இரயில்வேக்கு 1957ஆம் ஆண்டு முதல் எஞ்சின்கள் செய்து கொடுத்தார்கள். 1962க்குள் 263 எஞ்சின்கள் உருவாயின. பிற்காலத்தில் 'முப்பத்தோராம் வகுப்பு' என்று பெயர் பெற்றவை இவையே. இவற்றுக்கும் அதே மூன்றச்சு அமைப்பு. அதே மிர்லீஸ் கம்பனியின் எஞ்சின். அண்ணன்மார் மலையேறும் நாட்டுக்கு வந்தார்கள். தம்பிமார் மேடு பள்ளம் அதிகமில்லாத கிழக்கு இங்கிலாந்திலே பயணிகளைச் சுமக்கத் தொடங்கினார்கள்!

முதலில் வந்த இருபது தம்பிமாருக்குச் சாரதிகள் ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி, சந்தையில் குச்சியில் செருகி விற்கும் இனிப்பு ஆப்பிளைப்போல இருந்தமையால் 'டொபி ஆப்பிள்' என்று அழைத்தார்கள். குளிர்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்க இவற்றினுள்ளே சிறு கொதிகலனும் இருந்தது. நம் பட்டிப்பொலைக் குளிருக்குப் பயணிகள் நம்பியது கம்பளியை மட்டுமே.

சில ஆண்டுகள் ஓயாது உழைத்தபின் மிர்லீஸ் எஞ்சின்களிலே வெடிப்புகள் தோன்றின. எஞ்சினையே தூக்கி எறிந்துவிடாமல், 1960களின் நடுவிலிருந்து 1969க்குள் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பனியின் புதிய எஞ்சின்களைப் பொருத்தினார்கள். பழைய உடலுக்குப் புதிய இதயம் வைத்ததுபோல ஆயிற்று. அதன் பயனாக அவை மேலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. அவ்வினத்தின் முதலாவது எஞ்சின் யோர்க் நகரிலுள்ள தேசிய இரயில்வே அரும்பொருட்சாலையின் உடைமையாகி, இன்று பேணப்படுகிறது.

அந்த வண்டி சுமந்தவர்கள்

இனி 1948க்கு வருவோம். கந்தப்பளைப் பாதையின் ஆயுள் முடிந்த அதே ஆண்டிலேதான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தோட்டத் தமிழ் மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தண்டவாளம் பெயர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. காலடி நிலம் பெயர்ந்தது பலருக்கு உடனே தெரியவில்லை.

டீசல் எஞ்சின்கள் வந்த 1950களிலே இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது. அன்று அரசாங்கம் கடல்கடந்து வாங்கிய எந்தப் பொருளிலும் கொழுந்து பறித்த கைகளின் பங்கு உண்டு எனலாம். அந்தக் கைகளுக்கு உரியவரின் பெயரோ வாக்காளர் பட்டியலில் இல்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பின்னர் பார்ப்பது. பின்னர், 1974இல், அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணிய கணக்கு அது.

இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர்கள் புறப்பட்டார்கள். நானுஓயாவிலும் அட்டனிலும் வண்டி ஏறி, நாவலப்பிட்டி கடந்து, பொல்காவலையில் வடக்கே திரும்பி, அநுராதபுரம் வழியாகத் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். மேடையிலே ஒப்பாரி, சன்னலிலே கைகள். எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்களின் மக்கள், தாம் முன்பின் கண்டிராத ஊருக்கு மலையிறங்கிப் போனார்கள். 1984இல் உள்நாட்டுப் போரினால் கப்பற் போக்குவரத்து நின்றபோதே அந்தப் பயணமும் நின்றது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று.

நாம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்க அண்ணனும் அந்தக் கோச்சியிலதான் போச்சு," என்றார்.

"அது என்ன எஞ்சின் அப்பாயி? கனடாவா, இங்கிலாந்தா?" என்று பையன் ஆவலோடு கேட்டான்.

"எஞ்சினை யாரு சாமி பாத்தா? அண்ணன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

பையன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவர் அருகே நகர்ந்து உட்கார்ந்தான். "அண்ணன் பேரு என்னா அப்பாயி?" என்று மெல்லக் கேட்டான். அதுவரை அந்தப் பெயர் அவனுக்குத் தெரியாது.

எஞ்சினுக்கு எண் உண்டு. பிறந்த ஆண்டும் பழுது பார்த்த கணக்கும் ஏட்டிலே உண்டு. முதலாவது எஞ்சினுக்கு அரும்பொருட்சாலையிலே இடமும் உண்டு. அந்த வண்டிகளில் ஏறிச்சென்றோரின் கதைகளுக்கோ வீட்டுத் திண்ணைகளைத் தவிர வேறு ஏடு பெரிதாக இல்லை. மாணவர்களே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். யார் போனார்கள், எந்த நிலையத்தில் ஏறினார்கள், கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கரிப்புகை போன பின்னும் 'புகையிரதம்' என்ற பெயரை நாம் விடாமல் வைத்திருக்கிறோம். போன மனிதரின் பெயரையும் அவ்வாறே விடாமல் வைத்திருப்போமாக.