ஹாரியட் மலையில் ஒரு பகல்

விடுமுறையில் அந்தமான் செல்வோர் செல்லுலார் சிறையை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு நீலக்கடல் தேடி ஓடுகின்றனர். ஹாரியட் மலைக்கும் ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள் என்பேன். 2021இல் அது மணிப்பூர் மலை ஆயிற்று. உயரம் 400 மீட்டர்கூட இல்லை. உதகைக் குளிரை எதிர்பார்க்க வேண்டா!

வெள்ளைத் துரைமார் கோடையில் இளைப்பாறிய இடம் அது. 1891 போரில் தோற்ற மணிப்பூர் அரசர் குலச்சந்திரர் கைதியாக வைக்கப்பட்டிருந்ததும் அங்கேதான். 1872 பிப்ரவரி 8 மாலை, உச்சியில் கதிரவன் மறையும் அழகைக் கண்டு களித்து இறங்கிய வைசிராய் மேயோவை, அடிவாரத்துப் படகுத்துறையில் குத்திக் கொன்றார் ஷேர் அலி என்னும் கைதி. அழகை மட்டும் பார்த்துத் திரும்புவது துரைமார் ரசனை. நமக்கு ஏன் அது? சாத்தமில் படகேறி, பாம்பூ பிளாட்டில் இறங்கி, கட்டுச்சோற்றுடன் மெல்ல ஏறலாம்.