ஒரு டெப்புக்கு எத்தனை பேர்?

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக முதலில் ஒரு சொல் விளக்கம். மலையகத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலைக்கான சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு?" என்று லயத்தில் யாராவது கேட்டால் ஆள் கணக்கு கேட்கவில்லை. 2021இல் 1,000 ரூபாயாகி, 2024இல் 1,350 ரூபாயான அந்த நாள் சம்பளத்தைக் கேட்கிறார்கள். 27,000 ரூபாய்க்கு ஒரு பாவித்த டெப் வாங்கினால், 2024இன் 1,350 ரூபாய்க் கணக்கில் அது 20 பேர். சம்பளத்தில் பிடிக்கிற வெட்டுகளை நாங்கள் இன்னும் கழிக்கவில்லை.

இந்த 20 பேரைக் கொடுத்து வாங்கும் பொருளுக்கு ஒழுங்கான ஒரு பேர் இல்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை. டெப் கம்பனிகள் பேர் வைக்கும் லட்சணத்தைப் பற்றி யூடியூபில் கேலி பண்ணுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு அது சிரிப்பு. புதிதாக வெளிவந்ததை, வெளிவந்த வாரமே, பெட்டியோடு வாங்குகிறவருக்குப் பேர் குழம்பினாலும் பொருள் குழம்பாது. ஐந்து வருஷம் கழித்து, மூன்றாவது கையாக, பெட்டி இல்லாமல் வாங்குகிறவருக்குத்தான் பேர் தேவை. நம்ம பக்கம் டெப் வருவது அநேகமாக அந்த வழியில்தான்.

சாம்சங்கை எடுத்துக்கொள்வோம். 2016இல் 'கெலக்ஸி டெப் ஏ 7.0' என்று ஒன்று வந்தது. அந்த 7 திரையின் அளவு, ஏழு அங்குலம். 2020இல் 'கெலக்ஸி டெப் ஏ7' வந்தது. இந்த 7 வரிசை எண். திரை 10.4 அங்குலம். இரண்டையும் வாயால் சொல்லிப் பாருங்க. "டெப் ஏ செவன் இருக்கா அண்ணே?" என்று போனில் கேட்டால் கடைக்காரர் எதை எடுத்து வைப்பார்? அடுத்ததும் அப்படியே. 'டெப் ஏ 8.0' என்ற பேரில் 2015இலும் 2017இலும் 2019இலும் எட்டு அங்குல டெப்புகள் வந்தன. பிறகு 2022 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த 'டெப் ஏ8'இன் திரை 10.5 அங்குலம். சரி, இனி எண் கூடக்கூட டெப்பும் பெரிசாகும் போல என்று நினைத்தால், 2023இல் வந்த 'டெப் ஏ9' 8.7 அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது.

இதிலும் மோசம் ஒரே பேரைத் திரும்பத் திரும்பப் போடுவது. 'டெப் ஏ 10.1' 2016இலும் உண்டு, 2019இலும் உண்டு. 'டெப் எஸ்6 லைட்' 2020இல் வந்தது, 2022இல் உள்ளே வேறு சிப்போடு வந்தது, 2024இல் இன்னொரு தடவை வந்தது. ஆண்டைக் கம்பனி அடைப்புக்குறிக்குள் போடுகிறது. பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவர் முதலில் வெட்டி எறிவது அந்த அடைப்புக்குறியைத்தான். பெரும்பாலானவர்கள் ஏமாற்ற நினைத்து அப்படிச் செய்வதில்லை. அவருக்கும் அது என்ன ஆண்டு என்று தெரியாது.

அப்பிள் இதில் தனி ரகம். 2010இல் ஐபேட், 2011இல் ஐபேட் 2. இதுவரை ஒழுங்கு. 2012 மார்ச்சில் மூன்றாவது வந்தபோது அதற்கு எண்ணே வைக்கவில்லை. 'புதிய ஐபேட்' என்றார்கள். ஏழே மாதத்தில் அடுத்த ஐபேட்டை அறிவித்து அந்தப் புதியதைப் பழையதாக்கினார்கள். அந்தப் 'புதிய' போனபிறகும் ஐபேட் 2 கடையில் 2014 மார்ச் வரை விற்றுக்கொண்டிருந்தது என்பது தனிக் கதை. பிறகு ஏர், மினி, புரோ என்று கிளை பிரிந்தது. 2017இல் திரும்பவும் வெறும் 'ஐபேட்' என்று ஒன்று வந்தது, அது ஐந்தாம் தலைமுறையாம். 2012இல் வந்த மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தாலும், 2017இல் வந்த ஐந்தாவதைத் திருப்பிப் பார்த்தாலும் முதுகில் பெரிதாக எழுதியிருப்பது ஒரே சொல்தான்: ஐபேட். முதலாவது ஐஓஎஸ் 9ஓடு நின்றுவிட்டது. இரண்டாவது 16 வரை வந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு வகுப்பு ஆப் வேலை செய்யுமா இல்லையா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

'ஏர்' என்றால் சாதாரணத்தை விட ஒருபடி மேல் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. 2013இல் வந்த முதல் ஐபேட் ஏர் ஐஓஎஸ் 12ஓடு முடிந்தது. அதே உடம்போடு 2017இல் வந்த வெறும் ஐபேட் அதைவிட நான்கு படி மேலே போனது. ஆக 'ஏர்' என்ற சொல்லுக்காக யாராவது கூடுதலாக இரண்டு பேர் கொடுத்திருந்தால், அந்த இரண்டு பேரும் சும்மா போனதுதான்.

இப்போது தலைமுறை எண்ணையும் விட்டுவிட்டு சிப்பின் பேரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 2025இல் வந்த சாதாரண ஐபேட்டின் பேர் 'ஐபேட் (ஏ16)'. ஏர் 'எம்2'விலிருந்து 'எம்3'க்குப் போனது, புரோ 'எம்2'விலிருந்து நேரே 'எம்4'க்குத் தாவியது. பென்சில் கதை இன்னும் பெரிசு. 2015, 2018, 2023, 2024 என்று நான்கு விதப் பென்சில். எது எதோடு சேரும் என்பதற்குத் தனி அட்டவணை வேண்டும். 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட்டுக்கு வாய் ஒரு மாதிரி, அதற்கு அவர்கள் ஒத்துக்கொண்ட பென்சிலின் வால் வேறு மாதிரி. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு துண்டு வாங்க வேண்டியிருந்தது.

"செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கே, இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கையில் இருந்தால் பார்க்கலாம். வட்டவளையில் இருப்பவர் பார்ப்பது போனில் வந்த ஒரு படத்தை. நல்ல கடை என்று தேடினால் ஹட்டனுக்கோ கண்டிக்கோ பஸ் ஏற வேண்டும், அன்றைக்கு ஒரு பேர் போகும். சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் இன்னொரு பேர். தீவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று நம்முடையது, அந்த மழையில் பொருளை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு.

பேர் வைக்கத் தெரியாத உலகமா இது? நம்மைச் சுற்றியே பாருங்கள். ஃபெக்டரியிலிருந்து வெளியேறும் தேயிலை மூட்டையில் பிஓபிஎஃப் என்று போட்டிருந்தால், அது எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில் அரைத்தது என்றாலும் இலையின் அளவு இதுதான் என்று தரகருக்குத் தெரியும். ஓபி வேறு, பிஓபி வேறு, டஸ்ட் வேறு. அந்த எழுத்துகளில் ஒரு 'ஒரேஞ்ச்' இருக்கிறது, தேயிலையில் ஒரேஞ்ச் கிடையாது. பேர் அழகாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. மாறாமல் இருக்கிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தின் பட்டியலில் இன்றைக்கும் தோட்டத்தின் மார்க், தரம், இன்வொயிஸ் இலக்கம், நிறை எல்லாம் வரிசையாக இருக்கும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 'டீஆர்ஐ 2025' என்ற கன்றைத் தெரியும்தானே? அந்த 2025 ஆண்டு இல்லை, அந்த வகைக்கு வைத்த எண். எந்த மலையில் நட்டாலும் அது அதே செடி.

தேயிலைக்கு இது முடிகிறது, ஏனென்றால் ஏலத்தில் வாங்குகிறவர் பலமானவர். பேரும் பொருளும் பொருந்தவில்லை என்றால் அவர் வாங்க மாட்டார், விலை விழும். விற்பவருக்கு வலிக்கும். பாவித்த டெப் வாங்குகிறவர் வாங்காமல் போனால் யாருக்கு வலிக்கிறது? கம்பனி தன் காசை முதல் விற்பனையிலேயே எடுத்துவிட்டது. பேர் மங்கலாக இருப்பது அதற்குச் செலவும் இல்லை, போன வருஷத்துப் பொருளை இந்த வருஷத்துப் பொருள் மாதிரிக் காட்ட உதவியும் செய்கிறது. இதைத் தற்செயல் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

ரோட்டில் நம்ம ஆட்கள் இதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். டொயோட்டா தன் வேனுக்குத் தலைமுறை தலைமுறையாக 'ஹையேஸ்' என்றே பேர் வைத்துக்கொண்டிருக்கிறது. ஹட்டன் ஸ்டேண்டில் யாராவது ஹையேஸ் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'டொல்பின்' என்பார்கள், 'கேடிஎச்' என்பார்கள். கொரோலாவை 110, 121, 141 என்று கோட் நம்பரில் பிரித்துச் சொல்வார்கள். கம்பனி வைத்த பேரை நம்பாமல், உடம்பில் குத்திய இலக்கத்தை ஊர்ப் பேராக்கினார்கள். வாகனத்துக்குப் புத்தகம் இருக்கிறது, அதில் தயாரித்த ஆண்டு இருக்கிறது. டெப்புக்குப் புத்தகம் இல்லை. ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் பண்ணிப் பார்க்கலாம் என்றாலும், அது சிம் போடும் டெப்புக்குத்தான். வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு ஐஎம்இஐயே கிடையாது.

பேரைச் சட்டம் கேள்வி கேட்க முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012இல் அப்பிள் தன் ஐபேட் ஒன்றை 'வைஃபை + 4ஜி' என்று அவுஸ்திரேலியாவில் விற்றது. அந்த ஊர் 4ஜி வலையமைப்போடு அது சேரவே சேராது. நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது. அப்பிள் அந்தப் பேரை 'செலுலர்' என்று மாற்றியது, நீதிமன்றம் 22.5 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டமும் போட்டது. பொருளில் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. பேர்தான் குற்றம். நம்மிடமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. புதிதோ பாவித்ததோ, டெப் விற்கும் கடை பில்லில் மொடல் இலக்கத்தையும் அது முதலில் வெளிவந்த ஆண்டையும் எழுத வேண்டும் என்று ஒரு உத்தரவு போதும். சீனி மூட்டைக்கு விலை எழுதச் சொல்ல முடிகிற சபைக்கு இது முடியாதா?

இன்னொரு கூட்டத்தோடும் பேச வேண்டியிருக்கிறது. டெப் கொடுக்கிறவர்கள். இந்தியாவில் 2011 ஒக்டோபரில் 'ஆகாஷ்' என்ற மலிவு டெப்பை மாணவர்களுக்கென்று பெரிய விழாவோடு வெளியிட்டார்கள். கடையில் அதன் உறவுக்காரனுக்குப் பேர் 'யூபிஸ்லேட்'. அடுத்த ஆண்டு வந்த ஆகாஷ் 2 முதலாவதை விடப் பல மடங்கு தேவலாம். பத்திரிகைத் தலைப்பில் இரண்டும் ஆகாஷ்தான். விரலை அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டிய திரையோடு ஒரு மாணவர், தொட்டால் நகரும் திரையோடு இன்னொருவர், இருவரும் ஒரே திட்டத்தின் கணக்கில். இங்கேயும் 2017 வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு டெப் என்று சொன்னார்கள். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபிறகு வெளிநாட்டு உறவுகளும் சங்கங்களும் மலையகப் பாடசாலைகளுக்கு டெப் கொடுக்கத் தொடங்கின. அந்த மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் செய்தியில் வருவது எண்ணிக்கை மட்டும்: இத்தனை மாணவர்களுக்கு இத்தனை டெப். எந்த ஆண்டு டெப், இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று ஒரு வரி இருக்காது. அங்கே அலுமாரியில் தூங்கிய 2013ஆம் ஆண்டு டெப் இங்கே மாலை மரியாதையோடு வந்து இறங்கும், இரண்டு வாரத்தில் மறுபடியும் அலுமாரிக்குள் போகும்.

சட்டம் வரும் வரைக்கும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். விளம்பரத்தில் பேரைப் பார்க்காதீர்கள், மொடல் இலக்கத்தைக் கேளுங்கள். அப்பிள் என்றால் முதுகின் அடியில் பொடி எழுத்தில் 'ஏ' என்று தொடங்கி நான்கு இலக்கம் இருக்கும். 2012இன் 'புதிய ஐபேட்' வைஃபை மொடல் ஏ1416, 2017இன் ஐபேட் ஏ1822, 2019இன் ஏழாம் தலைமுறை ஏ2197. 'ஏ16' என்று யாராவது சொன்னால் அது சிப், மொடல் இலக்கம் இல்லை. சாம்சங் என்றால் 'எஸ்எம்' என்று தொடங்கும். எஸ்எம்-டி280 அந்த ஏழு அங்குல 'ஏ 7.0', எஸ்எம்-டி500 பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட 'ஏ7'. அந்த இலக்கத்தைக் கூகிளில் போட்டால் வெளிவந்த ஆண்டும் கடைசி அப்டேட்டும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அக்கா, அண்ணன் யாராவது வெளிநாட்டிலிருந்து டெப் அனுப்புகிறேன் என்றாலும் வெட்கப்படாமல் பின்பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், படம் கலங்கலாக வந்தால் இன்னொன்று கேளுங்கள்.